இரு கரையிலும் இல்லாத குடும்பம்

கலியாணமாகி ஒன்பது வருடங்களாக பஸ்லா ஓர் அலுமாரிக்குப் பின்னால் குடும்பம் நடத்தினாள்.

கொட்டாஞ்சேனையில் அவளுடைய உம்மா பலீலாவின் வீடு ஒரு கூடமும் ஒரு குசினியும்தான். கூடத்தைப் பலகையால் மறித்து, ஒரு பக்கத்தில் மூத்த சகோதரி ஷஹீமா ராத்தாவும் அவள் புருசனும் மகன் முர்ஷிதும் இருந்தார்கள். மறுபக்கத்தில் அலுமாரியைக் குறுக்கே நிறுத்தி, அதன் முதுகுப்புறம் பஸ்லாவும் அவள் புருசன் நுஸ்கியும் ஏழு வயது மகளும். உம்மா குசினியில் பாய் விரித்தாள். அலுமாரிக்குப் பின்னால் எதையும் மெல்லத்தான் பேச வேண்டும். அந்தப் பழக்கம் நாளடைவில் பஸ்லாவோடு தெருவுக்கும் வந்துவிட்டது. அவள் மீன் விலை கேட்டால் வியாபாரி குனிந்து காதைக் கொடுப்பான்.

மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான் அவர்கள் குடும்பத்து வழக்கம். நுஸ்கி ஆற்றுக்கு அந்தக் கரையில், களனிப் பக்கத்தில் பிறந்தவன். ஒருகொடவத்தையில் கொள்கலன்களை அடுக்கும் யாட்டில் வேலை. கலியாணத்தன்று ஒரு பையோடு வந்தவன் அப்படியே தங்கிவிட்டான். பஸ்லாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளக்கூடிய கதவுள்ள ஒரு வீடு.

இந்தக் கரையின் உள்ளூராட்சிச் சபையிடம் வீடில்லாத ஆட்கள் இருந்தார்கள், நிலம் இல்லை. அந்தக் கரைச் சபையிடம் நிலம் இருந்தது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஓர் ஆறு, அதன்மேல் ஒரு பாலம். அந்தப் பாலத்தில் பஸ் ஓடியது, லொறி ஓடியது, ஒரு சபையின் பேச்சு மட்டும் மற்றதற்குப் போய்ச்சேர இத்தனை காலம் எடுத்தது. கடைசியில் இரண்டும் சேர்ந்து ஒரே வீடமைப்புத் திட்டம் போட்டன. ஒரு கரையில் தீர்க்க முடியாத வீட்டுத் தேவையை மறுகரையில் தீர்ப்பது என்று முடிவாகி, பாடசாலை மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். பாடசாலைச் சீருடை தைக்கும் கடையில் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு பஸ்லா போனாள்.

"சத்தமாச் சொல்லுங்கோ தங்கச்சி, விளங்கேல்லை," என்றார் வினோதன். இந்தக் கரைச் சபையின் திட்டமிடல் அதிகாரி.

"ஊடு இல்ல சேர். நாங்க மூணு பேர், உம்மாட ஊட்டுல அலுமாரிக்குப் பின்னால ஈக்கிறோம்."

"உங்கட புருசன் எந்த இடம்?"

"களனிப் பக்கம். ஆனா கலியாணம் முடிச்சதுலேந்து எங்கட ஊட்டுலதான்."

வினோதனின் முகம் தெளிந்தது. "அப்ப நீங்கள் எங்கட கணக்கில வரமாட்டியள். புருசன் எந்த இடமோ குடும்பமும் அந்த இடம். அங்கால சேர்ப்பினம். இப்ப ரெண்டு சபையும் ஒண்டாத்தானே வேலை செய்யிறம், கவலைப்படாதேங்கோ."

பக்கத்து மேசையில் அந்தக் கரைச் சபையின் அதிகாரி, ஒரு சிங்களப் பெண். பஸ்லா சிங்களத்தில் விசயத்தைச் சொன்னாள். அவளும் அன்பாகத்தான் பதில் சொன்னாள். நுஸ்கி கலியாணம் முடித்து ஆற்றைத் தாண்டிப் போனவன், தங்களிடம் இருப்பது அவனுடைய மூத்த சகோதரன், காக்காவின் குடும்பம் மட்டும்தான். பிறகு வினோதனைப் பார்த்து, "உங்கள் ஆள்," என்றாள். "இல்லை, உங்கள் ஆள்," என்றார் அவரும் சிங்களத்தில். இருவரும் சிரித்தார்கள்.

வரிசையில் பின்னால் நின்ற ஷிப்லி என்ற ஓட்டோக்காரன் குரல் கொடுத்தான். "ராத்தா, ஒரு தோணி கேளுங்க! ஆத்துக்கு நடுவுல கட்டிப் போட்டுட்டு ஈக்கலாம்!"

மண்டபமே சிரித்தது. பஸ்லாவும் சிரித்தாள். அழுகையோ கோபமோ வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

தேநீர் இடைவேளையில் வினோதன் அவளிடம் வந்தார். நல்ல மனிதர். "மனசை விடாதேங்கோ. நானும் மனிசிட வீட்டிலதான் இருக்கிறன். யாழ்ப்பாணத்தால வந்தனான். வெள்ளவத்தையில ஃபிளாட், அவவின்ர சீதனம்."

"அப்ப ஒங்கள எங்க எண்ணினாங்க சேர்?"

"வெள்ளவத்தையிலதான். வேற எங்க எண்ணுறது?"

சொல்லிவிட்டுப் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தார். தான் என்ன சொன்னார் என்பது அவர் காதில் விழவே இல்லை. உறுதிப்பத்திரம் உள்ள வீட்டுக்கு வந்த மருமகன், தூங்கும் இடத்தில் எண்ணப்படுகிறான். அலுமாரிக்குப் பின்னால் வந்த மருமகன், பிறந்த இடத்துக்குத் திருப்பி அனுப்பப்படுகிறான். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் விதிமுறை.

"நீங்கள் ஒண்டு செய்யுங்கோ," என்றார் வினோதன். "அவற்ற தமையன் வீட்டில கொஞ்ச நாள் போய் இருங்கோ. அந்தக் கரைச் சபை ஆக்கள் பாக்க வருவினம். அங்க இருந்தால் அங்கத்தைய கணக்கில வருவியள்."

பலீலாவுக்கு அது பிடிக்கவில்லை. "மாப்பிள்ளைய வெச்சுப் பாக்க ஏலாம மகள அனுப்பிட்டாளெண்டு பேசுவாங்க. எங்கட குடும்பத்துல பொம்புளப் புள்ளைய அனுப்பினதில்ல."

"பேசட்டும் உம்மா. ஊடு கெடச்சா நிப்பாட்டுவாங்க."

களனிப் பக்கத்தில் நுஸ்கியின் காக்கா ஸாலிஹின் வீட்டில் ஏற்கெனவே ஐந்து பேர். இவர்கள் மூவரும் போனதும் ஸாலிஹின் மனைவி பரணிலிருந்து பெரிய சோற்றுப்பானையை இறக்கினாள். மழை விட்ட ஒரு நாளில் அதே சிங்கள அதிகாரி வந்தாள். அடுப்பைப் பார்த்தாள், சுருட்டிய பாய்களைப் பார்த்தாள்.

"இப்போது குடும்பத்தோடு இருக்கிறீர்கள், மேலே கூரையும் இருக்கிறது," என்றாள் சந்தோசமாக. "இது ஒதுங்க இடமே இல்லாதவர்களுக்கான திட்டம். நெருக்கடியாக இருப்பவர்களை அடுத்த திட்டத்தில் பார்ப்போம்."

பஸ்லா அவளுக்குத் தேநீர் கொடுத்தாள். சீனி போதுமா என்று கேட்டாள்.

மகளைக் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குத் திரும்பியபோது அலுமாரிக்குப் பின்னால் முர்ஷித் இருந்தான். வாப்பா, உம்மாவுடன் ஒரே பாயில் படுக்கிற வயதை அவன் எப்போதோ தாண்டியிருந்தான். புத்தகங்களை அடுக்கி, சுவரில் கிரிக்கட் வீரர்களின் படம் ஒட்டியிருந்தான்.

"நீ போய்ட்டாய் எண்டுதான்..." என்று ஷஹீமா இழுத்தாள். "எழும்பச் செல்லட்டா?"

பஸ்லா படங்களைப் பார்த்தாள். எழும்பச் சொன்னால் அவன் எழும்புவான். எழும்பி எங்கே போவான்?

"ஈக்கட்டும் ராத்தா," என்றாள்.

அவளும் மகளும் குசினியில் உம்மாவோடு படுத்தார்கள். அங்கே நுஸ்கிக்குக் கால் நீட்ட இடமில்லை. அவன் காக்கா வீட்டிலேயே தங்கிக்கொண்டான்.

திட்டம் நிறைவேறியபின் வைத்த கூட்டத்தில், இரு கரைகளிலும் தீர்க்கப்படாத வீட்டுத் தேவை இனி இல்லை என்று அறிவித்தார்கள். எல்லாரும் கைதட்டினார்களாம். பஸ்லா போகவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து நுஸ்கி கொட்டாஞ்சேனை பஸ் தரிப்புக்கு வருவான். அவள் தையல்கடையிலிருந்து இறங்கி வருவாள். தரிப்பின் மரவாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள்.

"புள்ள?"

"பள்ளிக்கூடம் உட்டு வரல்ல. இருமல் கொறஞ்சி."

"அடுத்த திட்டம் எப்பயாம்?"

"தெரியா. கேக்கல்ல."

பஸ் வந்தது. அவன் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் வந்தது.

"இதுல ஏறுங்க," என்றாள் பஸ்லா. "கடைல என்னத் தேடுவாங்க."

அவன் ஏறினான்.