நான் எண்ணாத ஒன்பது நாட்கள்

அந்தக் கட்டுரை இன்றும் என் பயோடேட்டாவில் இருக்கிறது. யாராவது கேட்டால் பேரீச்சை, கூன்வண்டு, பொறி என்று சரளமாகப் பேசிவிடுவேன். அதை ஆய்விதழுக்கு அனுப்பத் தயார் செய்த நாட்களில் நான் செய்ததை மட்டும் அந்த ஆய்வுக்கூடத்துக்கு வெளியே என் கணவரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். கோவையில் பூச்சியியல் படித்துவிட்டு, கல்யாணமாகி ஷார்ஜா வந்து, மகளுக்கு இரண்டு வயதானபோது ஒரு ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. தலைமை விஞ்ஞானி சூடான்காரர். எல்லோரும் அவரை டாக்டர் என்றே கூப்பிடுவோம். குரலை உயர்த்திப் பேசமாட்டார். எந்தத் தாளைக் கொடுத்தாலும் வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு வரியாக நகர்த்திப் படிப்பார்.

எங்கள் ஆராய்ச்சி சிவப்புக் கூன்வண்டைப் பற்றியது. பேரீச்சை மரத்தின் தண்டுக்குள் புகுந்து உள்ளிருந்தே தின்று தீர்த்துவிடும் பூச்சி. தைத் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பேரீச்சைத் தோட்டத்தில் நாற்பது பக்கெட்டுகளைப் பொறிகளாக வைத்திருந்தோம். ஒவ்வொன்றிலும் வண்டை இழுக்கும் வாசனை மருந்து, கொஞ்சம் பேரீச்சம்பழம், தண்ணீர். தினமும் காலையில் விழுந்த வண்டுகளை எடுத்து, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று எண்ணிக் குறிக்க வேண்டும். ஒரு வருடக் கணக்கு சேர்ந்ததும் கட்டுரை எழுதுவதாகத் திட்டம்.

எண்ணியவர் பரமக்குடிப் பக்கத்து ஆள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அண்ணா என்பேன், அவர் மேடம் என்பார். ஆள் சப்ளை செய்யும் கம்பெனி மூலம் தோட்ட வேலைக்கு வந்தவர். இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் எட்டுப் பேர் தங்கும் ரூம். விடிவதற்குள் கம்பெனி வேனில் ஏறிவிடுவார். ஆண் வண்டின் மூக்கில் பிரஷ் போல கொஞ்சம் மயிர் இருக்கும், பெண்ணுக்கு இருக்காது. நான் லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொல்வதை அவர் கட்டைவிரல் நகத்தால் ஒரு தடவு தடவிச் சொல்லிவிடுவார். முதல் மாதம் முழுக்க அவர் எண்ணியதை நான் மறுபடி சரிபார்த்தேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அதன் பிறகு அவர் நோட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது மட்டும்தான் என் வேலை.

ஆகஸ்டில் ஒரு நாள் போன் செய்தார்.

"மேடம், எனக்கு அம்மை போட்டிருச்சு. ரூம விட்டு வெளிய வரக்கூடாதுன்னுட்டாங்க. பக்கெட்ட யாராச்சும் பாக்கணும் மேடம். தண்ணி வத்திப்போயிரும்."

டாக்டர் அப்போது லீவில் ஊருக்குப் போயிருந்தார். போனில் சொன்னேன். அந்த ஆள் குணமாகி வரும்வரை தினமும் நீயே போய் எண்ணிவிடு, ஆபீஸ் வண்டியை எடுத்துக்கொள் என்றார். சரி என்றேன்.

முதல் நாள் மகளுக்குக் காய்ச்சல். போகவில்லை. இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆனால் ராத்திரி தூங்காத அலுப்பு. மூன்றாம் நாள் காரணம் என்று எதுவும் இல்லை. வெயில்தான். காலை ஏழு மணிக்கே கார்க் கதவைத் தொட முடியாத வெயில். டிரைவரிடம் இன்றைக்கு வேண்டாம் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் வந்து கேட்கவும் இல்லை. இப்படியே ஒன்பது நாட்கள் போயின. பத்தாம் நாள் அண்ணா டூட்டிக்கு வந்துவிட்டார்.

டாக்டர் திரும்பி வந்ததும் கேட்டார், "அந்த நாட்களில் போனாயா?"

"போனேன்" என்றேன். வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு அதை எடுக்கவில்லை.

அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் நாற்பது பொறிகளுக்கும் ஒன்பது நாட்களுக்கும் எண்களைப் போட்டேன். முந்தின வாரத்தையும் பிந்தின வாரத்தையும் பார்த்து, இங்கே ஒன்று கூட்டி அங்கே ஒன்று குறைத்து, இயல்பாகத் தெரியும்படி போட்டேன். பெண் வண்டுகள் எப்போதும் கொஞ்சம் அதிகம் விழும். அதைக்கூட மறக்கவில்லை.

குளிர்காலம் முடிந்தபோது கட்டுரையை எழுத உட்கார்ந்தோம். சுருக்கம் இத்தனை சொற்களுக்குள், வரிகளுக்கு நடுவே இரட்டை இடைவெளி, படங்கள் தனித்தனிக் கோப்பில், மேற்கோள் பட்டியலில் காற்புள்ளி எங்கே, முற்றுப்புள்ளி எங்கே என்று அந்த இதழின் விதிமுறைகளே பல பக்கம். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கட்டுரையில் என் பெயர்தான் முதலில் வருவதாக இருந்தது. ஆய்வு முறை பகுதியில் 'பொறிகள் தினமும் பரிசோதிக்கப்பட்டன' என்று டைப் செய்தபோது கை ஒரு நொடி நின்றது. பிறகு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் 'தோட்டத் தொழிலாளர்களுக்கு' என்று பொதுவாக ஒரு வார்த்தை போட்டேன்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அண்ணாவின் உழைப்பு எப்படி ஆகியிருக்கிறது என்று காட்ட ஆசை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெருமை அடித்துக்கொள்ளப் போனேன் என்பதே உண்மை.

கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு தாள்களை வாங்கினார். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாக ஓடாது. ஆனால் பின்னால் இருந்த அட்டவணையைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. தேதியும் எண்ணும்தானே. விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வந்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இந்தத் தேதியில நான் ரூம்லல்ல கெடந்தேன். அம்மை போட்டு."

"ஆமாண்ணா. அப்ப நான் வந்து எண்ணினேனுங்க."

என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார்.

"நீங்களா மேடம்?" என்றார். பிறகு மெதுவாக, "நான் திரும்பி வந்தன்னிக்கு எல்லாப் பக்கெட்டும் காஞ்சு கெடந்துச்சு. அடியில வண்டு காஞ்சு ஒட்டிக்கிட்டு. சொரண்டி எடுத்து எண்ணி, நோட்டுக் கடைசிப் பக்கத்துல எழுதி வச்சிருக்கேன். நீங்க பாக்கலயா?"

நான் பார்க்கவில்லை. அந்த நாட்களின் எண்கள்தான் ஏற்கெனவே என்னிடம் இருந்தனவே.

நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். பொறி வாரியாக, ஆண், பெண், மொத்தம். கீழே பென்சிலால் 'தண்ணி இல்லை' என்று எழுதியிருந்தார். நான் கற்பனையில் விழவைத்த வண்டுகளைவிட நிஜத்தில் விழுந்தவை மிகக் குறைவு. பக்கெட் காய்ந்ததும் வண்டு வருவதே நின்றுபோயிருக்கிறது. பூச்சியியல் படித்த எனக்கு அது தோன்றவே இல்லை. நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

மறுநாள் டாக்டரிடம் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். ஆனால் அவர் எதிரில் உட்கார்ந்ததும் வாய் வேறு மாதிரி ஆரம்பித்தது. "ஆகஸ்டில் ஒன்பது நாள் எண்கள் சரியாகப் படவில்லை. தோட்டத்து நோட்டில் வேறு மாதிரி இருக்கிறது" என்றேன். யாருடைய எண் தவறு என்று நான் சொல்லவில்லை. நான் போய் எண்ணியதாகவே நம்பிக்கொண்டிருந்த அவர், சொல்லாமல் விட்டால் எந்தப் பக்கம் திரும்புவார் என்று எனக்குத் தெரியும்.

அன்றே காரில் என்னையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். அண்ணாவைக் கூப்பிட்டு, நோட்டைத் திறந்து காட்டி, தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், "க்யா பாய், யே க்யா ஹை? வராத நாட்களுக்கு என்ன கணக்கு இது? ஒரு வருட வேலை உன்னால் கெட்டுப்போகும், தெரியுமா?" என்றார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

அண்ணா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சாரி சார்" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். மற்ற தொழிலாளர்கள் மண்வெட்டியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கும் எனக்கும் நடுவே இரண்டு அடி தூரம். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது எனக்குள் முதலில் வந்தது குற்ற உணர்ச்சி அல்ல. நிம்மதி. அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

இரண்டு நாட்கள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கணவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அந்த மனுஷனுக்கு வேலை போயிட்டா?" என்று மட்டும் கேட்டார். அதுவரை அது எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாம் நாள் காலையில் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், அலுப்பு, வெயில், மதியம் உட்கார்ந்து எண் போட்டது, தோட்டத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றது. ஸ்கேலை மேஜையில் வைத்தார். பிறகு, "பொய் எண்ணை அழித்துவிடலாம். அந்த ஆளை எல்லோர் முன்னாலும் நான் பேசியதை என்ன செய்வது?" என்றார்.

என்னை வரச் சொல்லாமல், தானே தனியாகத் தோட்டத்துக்குப் போனார். மற்றவர்கள் நிற்கும்போதே அண்ணாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாராம். டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் கேட்க வேண்டியதை அவர் முந்திக் கேட்டுவிட்டார்.

நான் மறுநாள் போனேன். அன்றைய டூட்டி முடிந்து வேன் கிளம்பத் தயாராக இருந்தது. உள்ளே ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். மேஸ்திரி "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்திக் கத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நான் பண்ணினது பெரிய தப்புங்க. உங்களத் திட்டறப்ப நான் வாயத் திறந்திருக்கோணும். மன்னிச்சிருங்க."

அவருக்குத்தான் சங்கடமாகப் போயிற்று. சுற்றிலும் பார்த்தார். "விடுங்க மேடம். நீங்க வரலன்னு எனக்கு மொதல்லயே தெரியும். கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு இந்த வெயில்ல எங்கிட்டு வருவீங்க?"

"தெரிஞ்சும் ஏன் டாக்டர்கிட்டச் சொல்லலீங்க?"

"நான் சொன்னா எடுபடுமா மேடம்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கேள்வியாகவே கேட்டார். வேன் ஹாரன் அடித்தது. ஏறிக்கொண்டார்.

கட்டுரையைத் திருத்தினோம். அந்த ஒன்பது நாட்களை அட்டவணையிலிருந்து எடுத்தோம். அவர் சுரண்டி எண்ணிய கணக்கைத் தனிப் பத்தியாகச் சேர்த்து, தண்ணீர் வற்றினால் பொறி வேலை செய்யாது என்று எழுதினோம். டாக்டர் என் பெயரை மூன்றாவது இடத்துக்கு மாற்றினார். நன்றிப் பகுதியில் தன் கையாலேயே அண்ணாவின் முழுப் பெயரை எழுதி, எழுத்துச் சரியா என்று அவரிடமே போன் செய்து கேட்டுக்கொண்டார். ஆசிரியர் பட்டியலில் சேர்க்கலாமா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏற்கெனவே தலைகுனிந்திருந்த நேரத்தில் இன்னொரு பேச்சை எடுக்கத் தைரியம் வரவில்லை.

இதழிலிருந்து மதிப்பீட்டாளர்களின் கருத்துகள் வந்தபோது, அவர்களில் ஒருவர் தண்ணீர் வற்றியதைப் பற்றிய பத்தியைத்தான் பாராட்டியிருந்தார். கவனமான களப்பணி என்று எழுதியிருந்தார். டாக்டர் அதை எனக்கு வாசித்துக் காட்டினார், ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து.

கட்டுரை அச்சாகி வருவதற்குள் அண்ணாவின் கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது. ஊர் முகவரிக்கு ஒரு பிரதி அனுப்பினேன். கூடவே ஒரு கடிதம் எழுத நினைத்து, இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டு, பிரதியை மட்டும் அனுப்பினேன். கிடைத்ததா என்று தெரியவில்லை.