டீ அலமாரியில் டேஞ்சர்

எங்கள் ஆலையில் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டுவது என் அண்ணிதான். தரை வழுக்கினால் காஷன், கை போகுமென்றால் வார்னிங், உயிரே போகுமென்றால் மட்டும் டேஞ்சர். காஷனை எவன் சட்டை செய்தான்? ஒருவன் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டதும் அண்ணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூலை முடுக்கெல்லாம் டேஞ்சர் ஒட்டிவிட்டார், சூடு பட்டுவிடும் என்று டீ அலமாரியில்கூட.

நேற்று, லோடு ஏற்றும் அவர் தம்பி டேஞ்சர் ஒட்டிய ட்ரான்ஸ்ஃபார்மர் வேலிக் கதவைத் திறந்து, ஈரச் சட்டையை உள்ளே காயப்போடப் போனான். அண்ணி பாய்ந்து அவனை வெளியே இழுத்தார்.

"ஸ்டிக்கர் கண்ணுல படலையாடா?"

"படுதேக்கா. டீ அலமாரியிலயும் இதேதானே ஒட்டியிருக்கே."

அண்ணி நேராகப் போய் டீ அலமாரி ஸ்டிக்கரைக் கிழித்தெடுத்தார்.