லீவு நாளில் வராத காய்ச்சல்

கடைசல்காரருக்கு வேலை நாளில்தான் காய்ச்சல் வரும். பட்டறையில் அவருக்குச் 'சாயங்காலக் காய்ச்சல்' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

அமிலம் ஓடுகிற குழாய்களின் மூட்டில் கசியாமலிருக்க வெள்ளை வளையம் போடுவார்கள். எந்த அமிலமும் அரிக்காத, தொட்டால் வழுக்குகிற பிளாஸ்டிக் அது. அதை லேத்தில் கடைவதுதான் அவர் வேலை. மாவு மாதிரி தூசி பறந்து மீசையிலும் விரலிடுக்கிலும் ஒட்டும். கையைத் தட்டிக்கொண்டு வாசலில் நின்று ஒரு சிகரெட் பற்றவைப்பார். அவருக்கு வேறு கெட்ட பழக்கம் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் உடம்பு தூக்கிப் போடும், நெஞ்சு இறுகும். விடிந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். மனைவி முதலில் பதறினாள். போகப் போகச் சலிப்பு வந்தது, பிறகு எரிச்சல்.

"லீவு நாள்ல மட்டும் உங்க காய்ச்சலும் லீவு போட்டுடுதா? யார்கிட்ட நடிக்கிறீங்க?"

அவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வார்.

வருஷக்கணக்கில் இப்படியே ஓடியது. ஒருநாள் விடிந்த பிறகும் அவரால் எழ முடியவில்லை. அவள் போர்வையை உருவி, சாப்பாட்டு டப்பாவைக் கையில் திணித்து அனுப்பிவைத்தாள். தெருமுனை தாண்டவில்லை, மூச்சு முட்டி விழுந்தார்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா வேலையைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார்.

"கை கழுவிட்டா சிகரெட் பிடிப்பீங்க?"

"தட்டிக்குவேன்."

"அந்தத் தூசி சிகரெட்ல ஒட்டி, நெருப்புல விஷப் புகையாயிடும். லீவு நாள்ல காய்ச்சல் வராதே?"

மனைவி தரையைப் பார்த்தாள்.

"இனிமே சிகரெட்டத் தொடாதீங்க. ஆனா சுருங்கின நுரையீரல் பழையபடி ஆகாது."

அவர் வீட்டோடு முடங்கினார். அடுப்பெரிய வேண்டுமே, வளையங்களின் பிசிறு வெட்டுகிற வேலைக்கு அதே பட்டறைக்கு அவள் போனாள். புருஷனின் லேத்தில் இப்போது வேறொருவர். தூசி படிந்த வெள்ளை விரல்களால் அந்த ஆள் சிகரெட் எடுப்பதைப் பார்த்து, "கையக் கழுவிட்டுப் பிடிங்கண்ணே" என்று கெஞ்சினாள்.

"அவருக்கு உடம்பு வீக்கும்மா, நமக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று சிரித்துக்கொண்டே பற்றவைத்தார்.

அன்று சாயங்காலம் புருஷனின் முதுகை நீவிக்கொண்டிருந்தபோது அவளுக்குத் தாங்கவில்லை. "வாய் கூசாம நடிப்புன்னு சொன்னேனே!"

அவர் வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினார். "நீ சொல்லிச் சொல்லி... எனக்கே... நடிக்கிறேனோன்னு... ஆயிடுச்சு."

அதில் துளி குத்தல் இல்லை. திட்டியிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பாள். கை மட்டும் முதுகை நீவிக்கொண்டிருந்தது.

காலையில் தண்ணீரை அவர் கைக்கெட்டும்படி வைத்தாள். எழுந்து வந்து தாழ்ப்பாள் போட அவரால் ஆகாது என்று வெளியே பூட்டினாள். உள்ளே இருமல் ஆரம்பித்தது. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. அவள் நடந்தாள்.