பத்து முறையும் ஒரே விடை

ராத்திரி முழுக்க கம்ப்யூட்டரை ஓடவிட்டு, விடிந்ததும் அது சொல்வதை நம்பலாமா என்று யோசிப்பதுதான் என் பிழைப்பு; இரவு வேலை பார்க்கிறவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

விதை

தொண்ணூறுகளின் கடைசியில், விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து, திண்டிவனத்தில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் அறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். புரோகிராம் எழுத நானாகக் கற்றுக்கொண்டவன். இயற்பியல் ஆசிரியை பிலோமினா மேடம் தன் ஆராய்ச்சிக்கு ஒரு கணக்குத் தந்தார். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் வழியில் வகை மாறுகின்றன. அந்த மாற்றத்தை இரண்டு எண்கள் தீர்மானிக்கின்றன: ஒரு கோணம், ஒரு நிறை வர்க்க வேறுபாடு. இருநூறு ஜோடி எண்களைக் குத்துமதிப்பாக எடுக்க வேண்டும். அளவீடுகளோடு பொருந்தாததைக் கழித்து, பொருந்தியதைக் கலந்து அடுத்த தலைமுறையை உண்டாக்கி, இப்படியே தொடர வேண்டும். ஊரில் வேர்க்கடலை பயிரிடும் வாட்ச்மேன் துரையிடம் இதைச் சொன்னேன்.

"மல்லாட்டைல வெதைக்குப் பொறுக்கற மாதிரிதான? இதுக்கா சார் இவ்ளோ பேஜாரு?"

கரண்ட்

கரண்ட் போனால் அதுவரை ஓடியதெல்லாம் பாழ். அதனால் அவ்வப்போது சிறந்த ஜோடியை ஒரு ஃபைலில் எழுதிவைத்து, மறுபடி தொடங்கும்போது அதையும் கூட்டத்தில் சேர்க்கும்படி செய்திருந்தேன். விடையைச் சரிபார்க்க, ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கிப் பத்து முறை ஓட்டச் சொன்னார் மேடம். பத்திலும் அதே சின்னக் கோணம். திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை அவகாசம் வாங்கியிருந்த மேடம் நிம்மதியாகச் சொன்னார்:

"பத்து தடவையும் ஒரே எடத்துல நிக்குதுன்னா அதாங்க நெசம். இன்னிக்கு நான் தூங்குவேன்."

ஃபைல்

மறுநாள் பஸ் மயிலம் தாண்டும்போது உறைத்தது. ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் அந்த ஃபைலை நான் அழிக்கவே இல்லை. முதல் ஓட்டத்தில் ஜெயித்தது மற்ற ஒன்பதிலும் முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிட்டது. மற்றவையெல்லாம் அதன் வாரிசாகிவிட்டன. பத்து சாட்சி இல்லை, ஒரே சாட்சி பத்து முறை வந்திருக்கிறது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது.

சொன்னேன். மேடம் பைண்டிங்குக்கு எடுத்துவைத்த கட்டிலிருந்து அந்த அத்தியாயத்தை மட்டும் உருவினார். ஃபைலை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினோம். சில ஓட்டங்கள் சின்னக் கோணத்தில் நின்றன, சில பெரிய கோணத்தில். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பொருந்தின. திங்கட்கிழமை தாண்டிப் போயிற்று. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். மேடம் தடுத்தார்.

"ஏன் இன்னும் முடியலன்னு வீட்ல கேட்டா கரண்ட் போயிடுச்சுன்னு சொல்லிக்கறேன். நீங்க ஓட்டிக்கினே இருங்க."

இப்போதும் நாலு பேர் சேர்ந்து ஒரே பதிலைச் சொன்னால், எங்கேயாவது பழைய ஃபைல் அழியாமல் கிடக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறேன்.