லிட்டருக்குப் பதினெட்டு

வாடகைக் கார் ஸ்டாண்டில் அவருக்கு ‘அரை டேங்க்’ என்று பெயர். பெட்ரோல் முள்ளைப் பாதிக்குக் கீழே இறங்க அவர் ஒருநாளும் விட்டதில்லை. உள்ளே உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி, முள் பாதியைத் தொட்டால் வண்டி பங்க்குக்குள் திரும்பிவிடும். கேட்டால், "பம்ப்பு டேங்க்குக்குள்ளதான் சார் இருக்கு. பெட்ரோல்ல முங்கிக் கிடந்தாதான் அதுக்குக் குளிர்ச்சி. தண்ணி வத்தின கிணத்துல மோட்டார் ஓட்டுவீங்களா?" என்பார். கேட்டவர் அப்புறம் ஏன் வாயைத் திறக்கிறார்!

ஐம்பத்தாறு வயது, அதில் முப்பத்தோரு வருடம் ஸ்டியரிங்குக்குப் பின்னால். டேஷ்போர்டை அவர் பார்க்கிற பார்வையில் பாதியை வீட்டுக்காரியிடம் காட்டியிருந்தால் அந்த அம்மாள் இன்னும் கொஞ்சம் சதை போட்டிருப்பாள் என்று ஸ்டாண்டில் கிண்டல் செய்வார்கள். அவர் மனைவி ரெடிமேட் சட்டை ஆலையில் இருபத்திரண்டு வருடமாகப் பவர் மெஷின் தைக்கிறவள். பத்து வருடத்துக்கு முன்பு பிடிவாதமாகக் கார் லைசன்ஸ் எடுத்தாள். அப்போது அவர் சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம்தான். "சிவப்பு விளக்கு எரிஞ்சா உடனே ஓரங்கட்டி நில்லு. மஞ்சள் எரிஞ்சா ஓட்டலாம், ஆனா தள்ளிப்போடாம மெக்கானிக்கிட்ட காட்டிடணும்." பாடம் நடந்ததே தவிர சாவி அவள் கைக்கு வந்ததில்லை. சம்சாரத்தைக் கடன் கொடுத்தாலும் கொடுப்பார், சாவியைக் கொடுக்கமாட்டார் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

விடிந்ததும் அவருக்கு முதல் வேலை டயர். வண்டியை எடுப்பதற்கு முன்பே காற்றை அளந்துவிடுவார். ஓடிய டயரில் காற்று சூடாகிக் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி இறக்கினால் குறைந்துபோகும். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு நாலு சக்கரத்துக்கும் குந்தி உட்கார்ந்து, டயர் மேலிருக்கிற ரப்பர் கட்டங்களைப் பட்டன் பட்டனாகத் தடவிப் பார்ப்பார். சிக்கிய கல்லை நெம்பி எடுப்பார். ஓரம் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, நடு தேய்ந்திருந்தால் காற்று அதிகம் என்று தனக்குத்தானே ஒப்பித்துக்கொள்வார். இத்தனை பக்திக்கும் பலன், லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர். டேங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி அவரே போடுகிற கணக்கு. வெயில் மறைப்புப் பலகையின் பின்னால் வெள்ளை டேப் ஒட்டி, ஒவ்வொரு முறையும் அதில் பேனாவால் எழுதுவார். ஒன்பது வருடமாகப் பதினெட்டு.

அந்த மனிதரிடம் ஒரு ரகசியம் இருந்தது. சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடம். அது ஊருக்கே தெரியும். ஆனால் போன வருடத்திலிருந்து வலது பாதத்தில் உணர்ச்சி குறைந்துகொண்டே வந்தது. முதலில் எறும்பு ஊர்கிறமாதிரி இருந்தது. பிறகு எறும்பும் போய்விட்டது. பெடலை எவ்வளவு மிதிக்கிறோம் என்று பாதம் சொல்லவில்லை. அவர் அசரவில்லை; பாதம் சொல்லாததை முள்ளிடம் கேட்டுக்கொண்டார். என்ஜின் சுற்று எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று கண்ணால் பார்த்து, மிதியைக் கூட்டிக் குறைத்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. டாக்டருக்குத் தெரிந்தால் வண்டி போய்விடும். வண்டி போய்விட்டால் தான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒருமுறை வீட்டு மாடிப்படியில் வலது செருப்பு கழன்று விழுந்தது. அது தெரியாமல் இரண்டு மாடி ஏறிவிட்டார். பின்னால் பையோடு வந்த மனைவி செருப்பை எடுத்து வந்து வாசலில் ஜோடியாக வைத்தாள். அவர் பார்த்தார், அவளும் பார்த்தாள். "கறிகாய் ஃப்ரெஷ்ஷா இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இந்தச் சமயத்தில்தான் பதினெட்டு, பதினாறரை ஆனது. அடுத்த முறை பதினைந்தே முக்கால்.

அரை டேங்க்குக்குத் தூக்கம் போயிற்று. முதல் சந்தேகம் பங்க் மேல். பங்க்கை மாற்றினார். பிறகு ஏர் ஃபில்டர், புதிதாகப் போட்டார். பிறகு பிளக். பிறகு டயரில் காற்றை இரண்டு பாயிண்ட் கூட்டினார். வண்டி தூக்கித் தூக்கிப் போட்டதுதான் மிச்சம். கடைசியில் பின்பெட்டியைத் திறந்து, மனைவி எப்போதோ வைத்திருந்த பழைய போர்வை, இரண்டு குடை, ஒரு பிளாஸ்டிக் முக்காலி எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தார்.

"சும்மா சுமை. இதனாலதான் மைலேஜ் அடிபடுது," என்றார்.

"முக்காலி ஒரு கிலோகூட இருக்காதுங்க."

"ஒரு கிலோன்னாலும் கிலோதான்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் இவர் ஆடத் தெரியாதவர் இல்லை, அதுதான் வேதனை. அவள் வாதாடாமல் முக்காலியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள்.

தினமும் காலையில் அவர் வண்டியில் போகிற டீச்சரம்மா ஒருநாள் மூக்கைச் சுளித்தார். "என்னமோ கருகுற வாடை வருதே?" அன்று சாயங்காலமே ஸ்டாண்டு நண்பர் ஒருவர் வந்து தோளில் தட்டினார். "அண்ணே, உங்க பின்னாடியேதான் பாலம் முழுக்க வந்தேன். பிரேக் லைட்டு அணையவே இல்ல. சுவிட்ச் போயிருக்கும்போல."

அரை டேங்க்குக்கு மூச்சு வந்தது. சுவிட்ச்! இவ்வளவுதானா விஷயம்? நேராக மெக்கானிக்கிடம் போனார். அந்த மெக்கானிக் அவரைவிட நாலு வயது சின்னவர். இருபது வருடப் பழக்கம். சுவிட்சைப் பார்த்தார். நன்றாக இருந்தது. சக்கரத்தைக் கழற்றினார். மூன்று மாதத்துக்கு முன் மாற்றிய பிரேக் பேட் தகடுவரை தேய்ந்திருந்தது. மெக்கானிக் புதுப் பேட் போட்டு, "ஒரு ரவுண்டு நான் ஓட்டிப் பாக்கறேன், நீங்க பக்கத்துல உக்காருங்கண்ணே," என்றார். முப்பது கிலோமீட்டர் போய்த் திரும்பி வந்தார்கள். மெக்கானிக் இறங்கி நாலு சக்கரத்தின் பக்கத்திலும் கையை நீட்டிப் பார்த்தார். பிரேக் பிடித்துக்கொண்டு உரசினால் வருகிற சூடு எதிலும் இல்லை. சாவியை அவர் கையில் வைத்து, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

"வண்டியில ஒண்ணும் இல்லண்ணே."

அதற்கு மேல் அந்த நல்ல மனிதர் சொல்லத் தேவை இல்லை. ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற பாதத்தின் ஓரம் இத்தனை நாளும் பிரேக்கையும் சேர்த்து அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. டேஷ்போர்டில் எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கு உண்டு. பின்னால் பிரேக் லைட் எரிகிறது என்று சொல்ல மட்டும் முன்னால் ஒன்றும் கிடையாது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்!

இரண்டாவது கியரில், மாட்டுவண்டி வேகத்தில், ஓரமாகவே ஓட்டி வீடு வந்து சேர்ந்தார். குடியிருப்பின் கீழே வண்டியை நிறுத்தியவர் இறங்கவில்லை. ஷிப்ட் முடிந்து வந்த மனைவி அவரைப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"மெக்கானிக் என்ன சொன்னாரு?"

"வண்டியில ஒண்ணும் இல்லையாம்."

அவள் கதவைச் சாத்திவிட்டு முன்கண்ணாடி வழியாக எதிர்ச்சுவரைப் பார்த்தாள்.

"எனக்கு மஞ்சள் விளக்கு எரிஞ்சு எட்டு மாசம் ஆச்சுங்க," என்றாள் அவள். "அந்தச் செருப்ப எடுத்துட்டு வந்தேனே, அன்னிக்கு. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். சிவப்பாகுற வரைக்கும் என்னால இருக்க முடியாது."

அவர் அழுதுவிட்டார். முப்பத்தோரு வருடம் ஹாரன்கூட அதிகம் அடிக்காத மனிதர், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதார். டீச்சரம்மா பின்சீட்டில் இருக்கும்போது அந்தக் கால் ஒருநாள் பிரேக்கைத் தேடி, கிடைக்காமல் போயிருந்தால்? அவள் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு இறங்கிச் சுற்றி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"தள்ளி உக்காருங்க."

"எங்க?"

"டாக்டர்கிட்ட. இன்னும் கிளினிக் திறந்துதான் இருக்கும்."

சாவியைத் திருப்பினாள். ஒரு சிவப்பு விளக்கு மட்டும் அணையாமல் நின்றது. "இது என்னங்க?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஹேண்ட்பிரேக். இறக்கு," என்றார்.

கிளினிக்கில் டாக்டர் அவரைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். கையில் மெல்லிய நைலான் இழை. "தொடும்போதெல்லாம் ‘ம்’ சொல்லுங்க." இடது பாதத்தில் நாலு முறை ‘ம்’ சொன்னார். பிறகு காத்திருந்தார். டாக்டர் இழையை மாற்றுகிறார் போலிருக்கிறது, வலது காலை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் ஆகவே கண்ணைத் திறந்தார். இழை அவர் கட்டைவிரலின் அடியில் வளைந்து நின்றது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து அவர் பக்கத்து சீட்காரர். மருந்து உண்டு, பத்தியம் உண்டு, ஸ்டியரிங் இல்லை. காலையில் டீச்சரம்மாவை மனைவி கொண்டுபோய் விடுவாள், அப்படியே ஆலைக்குப் போவாள். மீதிச் சவாரிக்கு ஸ்டாண்டு நண்பர் ஆலை வாசலில் வண்டியை எடுத்துக்கொள்கிறார். மாலையில் மீட்டரைப் பற்றி அரை டேங்க் செய்கிற விசாரணைக்குப் பதில் சொல்லித்தான் அந்த நண்பர் தப்பிக்கவேண்டும்.

முதல் வாரம் முழுக்க வண்டியை அவள்தான் ஓட்டினாள், ஆலைக்கு லீவு போட்டு. சனிக்கிழமை பங்க்கில் டேங்க்கை நிரப்பிக் கணக்குப் போட்டார். மறுபடி போட்டார். டேப்பில் எழுதவே கை வரவில்லை.

"என்ன, ரொம்ப மோசமா?" என்றாள்.

"பதினெட்டே முக்கால்."

"இருபத்திரண்டு வருஷமா மெஷின் பெடல மிதிக்கிறேன். கொஞ்சம் அழுத்தினா காலர் கோணிக்கும். அந்தக் காலுங்க இது."

"எதிர்க்காத்து இல்லாத வாரம்," என்றார் அவர். ஆனாலும் அந்த எண்ணை மற்ற எண்களைவிடப் பெரிதாகவே எழுதினார்.

இப்போதும் விடிந்ததும் அவர் டயருக்குக் குந்துகிறார். அதற்கு முன்னால் இன்னொன்று நடக்கிறது. பின்பெட்டியிலிருந்து மாடிக்குப் போன அதே முக்காலியில் அவள் உட்கார்ந்து, அவர் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறாள். அவருடைய டார்ச்சை அடித்து, விரல் இடுக்கு, குதிகால், ஓரம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். கல் குத்தியிருந்தாலும் அவருக்குத் தெரியாதே.

"ஓரம் தேயல. நடுவுலயும் நல்லாருக்கு," என்றாள் ஒருநாள்.

அவர் சிரித்தார். டார்ச் வெளிச்சம் கண்ணில் பட்டதால் மூடிக்கொண்டவர், கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்: "தொட்டுப் பாத்தியா?"

அவள் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தொட்டுட்டேதாங்க இருக்கேன்."