மாடி வகுப்பு

எங்கள் பக்கத்தில் தேர்தல் வருவதைச் சாலைக் குழிகள்தான் முதலில் சொல்லும். போன வாரம் சிம்பாங் அம்பாட் போகும் வழியில் குழிகளை அடைத்துக்கொண்டிருந்தார்கள். அன்று மாலையே எங்கள் செம்பனைத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துவிட்டது. நம் தமிழ்ப்பள்ளிக்குப் புதுக் கட்டடம் வரப்போகிறதாம், ஒய்பி அடிக்கல் நாட்ட வருகிறாராம், எல்லாரும் திரண்டு வரவேண்டுமாம். அதன்கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. நான் எதுவும் போடவில்லை. கோபம்கூட வரவில்லை, அலுப்பாகத்தான் இருந்தது. அந்தப் பள்ளிக்கு அடிக்கல் ஏற்கெனவே இருக்கிறது. அதை நாட்டிய அன்று சிமெண்டுக் கரண்டியைத் தட்டில் ஏந்தி நின்றவள் நான்தான்.

அப்போது நான் நான்காம் ஆண்டு படித்தேன். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததால் கிடைத்த பதவி என்று அம்மா சொல்வார். பள்ளி என்பது தகரக் கூரை போட்ட ஒரு நீளப் பலகைக் கட்டடம். மழை வந்தால் டீச்சர் பாடத்தை நிறுத்திவிடுவார். கரையான் தின்றது போக மிச்சம் இருந்த சுவரில்தான் எங்கள் ஓவியங்களை ஒட்டி வைத்திருந்தோம். ஆனாலும் அது நின்றுகொண்டிருந்தது.

ஒய்பி என்று நாங்கள் சொல்வது எங்கள் சட்டமன்ற உறுப்பினரை. தேர்தல் நெருங்கிய ஒரு நாள் அவருடைய ஆள் வந்து, இரண்டு மாடிக் கட்டடம் கட்டப் போகிறோம் என்றார். ஞாயிற்றுக்கிழமை அடிக்கல், திங்கட்கிழமை வேலை ஆரம்பம், ஆனால் விழா அன்று இடம் வெறுமையாக இருக்கவேண்டும், படத்துக்கு அதுதான் அழகு என்றார். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகத் தலைமையாசிரியை இழுத்தார். வந்தவர் அங்கேயே யாருக்கோ போன் போட்டு அவரிடம் நீட்டினார். பேசி முடித்ததும் தலைமையாசிரியை சரி என்று தலையாட்டினார்.

அம்மாதான் விடவில்லை. "புதுசு வந்தப்புறம் பழச ஒடைங்களேன். இருக்கறத ஒடச்சிட்டுப் புள்ளைங்க எங்க ஒக்காருவாங்க?"

"ஒய்பியே சொல்லிட்டாரு லா. ரெண்டு மாடி! நம்ம புள்ளைங்க எப்ப மாடியில ஒக்காந்து படிச்சிருக்கு?" என்றார் அப்பா.

அவர் வீடு வீடாகப் போய்ப் பேசினார். அவர் சொன்னால் ஊர் கேட்கும். அந்தச் சனிக்கிழமை ஊரே கூடிக் கோத்தோங் ரோயோங் செய்து எங்கள் பள்ளியைப் பிரித்துப் போட்டது. சித்தப்பா கூரைமேல் ஏறித் தகரங்களை இறக்கினார். பெண்கள் பெரிய குவாலிச் சட்டியில் மீகூன் சேமியா பிரட்டினார்கள். நாங்கள் ஆணிகளைப் பொறுக்கிப் பால்டின்னில் போட்டோம். பள்ளியை உடைக்கப் பள்ளிப் பிள்ளைகளையே கூப்பிட்டால் எப்படி இருக்கும்? அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

மறுநாள் கூடாரம், ஒலிபெருக்கி, ஜிகினாத் தாள் சுற்றிய 'பூங்கா மாங்கார்' அலங்காரக் கம்புகள். மண்வாரி இயந்திரம் ஒன்று ரிப்பன் கட்டிக்கொண்டு மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றது. வெயிலில் எங்களை வாட்டி எடுத்த பிறகு ஒய்பி வந்தார். கரண்டியை என் தட்டிலிருந்து எடுத்துச் சிமெண்டைத் தொட்டு வைத்தார், கைதட்டினார்கள். போகும்போது என் கன்னத்தைக் கிள்ளினார்.

"நீ ஆறாம் ஆண்டு வரப்போ, பாரு, மேல் மாடியில ஒக்காந்து படிப்ப. ஓகேயா?"

நான் தலையாட்டினேன். சன்னல் ஓரத்து இடம் எனக்குத்தான் என்று அன்றைக்கே தோழிகளிடம் சொல்லி வைத்தேன்.

சாயங்காலம் ஒரு நீள லாரி வந்து அந்த மண்வாரியை ரிப்பனோடு ஏற்றிக்கொண்டு போயிற்று. "வேற பெருசா அனுப்புவாங்க," என்றார் அப்பா. நான் அதற்கு டாட்டா காட்டினேன்.

திங்கட்கிழமை ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமையும் வரவில்லை. நாங்கள் தோட்டத்துப் பொதுமண்டபத்தில் உட்கார்ந்தோம். வகுப்புக்கு வகுப்பு ஒரு போர்வை தொங்கியது. போர்வைக்கு அந்தப் பக்கம் முதலாம் ஆண்டு 'அ, ஆ' என்று கத்த, இந்தப் பக்கம் நாங்கள் பின்னத்தைக் கூட்டினோம். கல்யாணம் என்றால் எங்களுக்கு விடுமுறை. யாராவது இறந்தாலும் பெட்டியை அங்கேதான் வைப்பார்கள் என்பதால், வயதானவர்கள் இருமுவதை நாங்கள் கொஞ்சம் ஆவலாகவே கேட்டோம்.

அப்பா லாரியை நிறுத்திவிட்டு மலாக்காவில் இருந்த ஒய்பியின் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். சில நாள் என்னையும் கூட்டிப்போவார். ஒய்பி வெளியூர் போயிருப்பார், இல்லாவிட்டால் கூட்டத்தில் இருப்பார். தேர்தலுக்கு முன்பே அவர் கட்சி மாறினார், பிறகு அந்தத் தேர்தலில் தோற்றார். புது ஒய்பியின் அலுவலகத்தில் இருந்த இளைஞர் மரியாதையாகப் பேசினார். "அது போன ஆளு குடுத்த வாக்கு லா, அங்கிள். நாங்க மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

கல்வி அலுவலகத்தில் இன்னும் தெளிவாகச் சொன்னார்கள். பள்ளிகளைப் பழுதுபார்க்க மானியம் உண்டு, ஆனால் பழுதுபார்ப்பதற்கு ஒரு கட்டடம் இருக்கவேண்டும். "நீங்க அத ஒடைக்காம இருந்திருந்தா இந்த வருஷமே குடுத்திருப்போம்," என்றார் அந்த அதிகாரி. அன்று திரும்பும் வழியில் அப்பா எனக்கு செண்டோல் வாங்கிக் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை.

ஒவ்வொரு வீடாகப் பிள்ளைகளை டவுனில் இருந்த மலாய்ப் பள்ளிக்கு மாற்றினார்கள். சித்தப்பாவும் மாற்றினார். அப்பாவிடம் யாரும் சண்டைக்கு வரவில்லை. 'தலைவரே' என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். நான் ஐந்தாம் ஆண்டுக்கு வந்திருந்தேன், எங்கள் வகுப்பில் கடைசியில் மிஞ்சியவள் நான். போர்வையைக் கழற்றிவிட்டு என்னை நான்காம் ஆண்டோடு சேர்த்து உட்கார வைத்தார்கள்.

"எல்லாரும் போயாச்சு. நம்ம புள்ள மட்டும் ஏன் அங்க கெடக்கணும்?" என்று அம்மா கேட்டார்.

"ஒடைங்கன்னு சொன்னது நான். மொத ஆளா நான் எப்படி போறது?"

"மொத ஆளா? நீங்கதான் கடைசி ஆளு."

அப்பா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

அந்த நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. வழக்கம்போல அப்பாவும் நானும் தாத்தாவின் கல்லறைக்குப் போனோம். அப்பா பாராங்கத்தியால் புல்லை வெட்டினார், நான் கல்லைத் துடைத்தேன், மெழுகுத்திரி ஏற்றிச் செபம் சொன்னோம். திரும்பும்போது பழைய பள்ளி இருந்த இடத்தில் அப்பா மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். லாலாங் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. அதே கத்தியை எடுத்து வெட்டிக்கொண்டே போனார். அடிக்கல் வெளியே தெரிந்தது. பளிங்கில் பொன்னெழுத்தில் ஒய்பியின் பெயர், அதன்கீழே ஒரு தேதி.

கல்லில் பெயர் இருந்தது, தேதி இருந்தது, சுற்றிப் புல்லும் வெட்டியாயிற்று. இனி என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும். பையில் மிச்சம் இருந்த மெழுகுத்திரியை ஏற்றிக் கல்லின்மேல் நட்டேன். சிலுவை போட்டுக்கொண்டு, தாத்தாவுக்குச் சொன்ன செபத்தையே சொன்னேன்.

திரும்பிப் பார்த்தால் அப்பா கத்தியைத் தொங்கவிட்டு நின்றார். தப்பு செய்துவிட்டேனோ என்று பயந்துபோனேன்.

"அணைச்சிடவா பா?"

"வேணாம்மா. எரியட்டும்."

திரி உருகித் தானாக அணையும்வரை வெட்டிய புல்மேல் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் சொன்னார்: "ஜனவரியில இவள டவுன் பள்ளிக்கூடத்துல சேத்துடலாம்."

டவுன் பள்ளியில் ஆறாம் ஆண்டு மேல்மாடியில் இருந்தது. சன்னல் ஓரத்து இடமே கிடைத்தது. அங்கிருந்து பார்த்தால் பஸ் நிலையத்தின் கூரை தெரியும். முதல் நாள் மணி அடித்ததும் படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினேன். வாசலில் லாரியோடு அப்பா காத்திருந்தார். ஏறி உட்காருவதற்குள் சொல்லிவிட்டேன்.

"அப்பா, நான் மாடியில படிக்கிறேன்! அந்த ஒய்பி சொன்ன மாதிரியே! சொன்னத செஞ்சிட்டாரு பா!"

அப்பா சாவியைப் பிடித்தபடியே இருந்தார். பிறகு, "ஆமாம்மா," என்றார். "சன்னல் பக்கம் எடம் கெடச்சுதா?"

கிடைத்தது என்றேன். அதற்குப் பிறகும் லாரி கிளம்பவில்லை. எனக்குப் பசித்தது. எட்டி ஹாரனை அழுத்தினேன்.