ஜீனத்தின் குளத்துச் சேறு

தென்னேரிப் பக்கம் ஜீனத் குத்தகைக்கு எடுத்திருந்த மீன்குளத்தில் கட்லா மீன்கள் மூச்சுத் திணறி மேலே வந்து வாயைப் பிளந்தபோது, ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். உப்பு என்றார் ஒருவர், கொட்டினாள். சுண்ணாம்பு என்றார் இன்னொருவர், தூவினாள். கடையில் விற்ற மருந்தையும் வாங்கி ஊற்றினாள். மீன் செத்து மிதப்பது மட்டும் நிற்கவில்லை. செவுளைத் திறந்தால் நொய்யரிசி போல வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள்.

சரிகைக்கடைக்காரர் வீட்டு மருமகளுக்கு மீன் எதற்கு என்று கேட்ட உறவுக்காரர்களின் வாயை அடைத்துவிட்டுத் தொடங்கிய தொழில். இப்போது அந்த வாய்களெல்லாம் மறுபடி திறந்துகொண்டன.

“மருந்து சரியில்ல ஆபா. வேற கம்பெனி பாரு,” என்றான் தம்பி தப்ரேஸ். அக்காவை அவன் ஆபா என்றுதான் கூப்பிடுவான். காஞ்சிபுரத்தில் வண்ணமீன் கடை வைத்திருப்பதால் மீனைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைப்பு.

“நீ ஒண்ணும் சொல்லாதடா. சொல்றதுக்கு ஊரே இருக்குது.”

கடைசியில் மீன்வளத் துறையிலிருந்து ரேவதி வந்தாள். செவுளைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தாள். பிறகு குளத்தின் அடிச்சேற்றை ஒரு வாளியில் அள்ளிக் கலக்கினாள். தலைமுடி போல மெல்லிய சிவப்புப் புழுக்கள் கொத்துக்கொத்தாக நெளிந்தன.

“பாத்தீங்களாம்மா? கட்டி உடைஞ்சா அதுல இருக்குற கிருமி சேத்துல விழுது. அதை இந்தப் புழு தின்னுது. புழு வயித்துல அது வேற உருவம் எடுத்து, தண்ணிக்கு வந்து மறுபடியும் மீனைப் பிடிக்குது. நடுவுல புழு இல்லன்னா இந்த நோய் பரவாது.”

“அப்போ நான் கொட்டினதெல்லாம்?”

“சேத்துக்குள்ள போயிருக்காதும்மா.”

தப்ரேஸ் வாளிக்குள் எட்டிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. “அட, நம்ம கடையில வண்ணமீனுக்குத் தீனியா விக்கிற புழு! மீந்ததை வாரா வாரம் நான்தான் ஆபா இங்க போட்டுக்கினு இருந்தேன். உன் மீனு ஆசையா தின்னுச்சே!”

ஜீனத்துக்கு உச்சந்தலை கொதித்தது. “எந்தச் சாக்கடையில அள்ளின புழுடா? உன்னை யாரு கேட்டா?”

“அவரை மட்டும் திட்டாதீங்க,” என்றாள் ரேவதி. “எந்தக் குளத்துலயும் இது கொஞ்சம் இருக்கும். இவ்வளவு பெருகணும்னா தீனி வேணும். கோழி எரு போடுறீங்களா?”

போட்டாள், மூட்டை மூட்டையாகப் போட்டாள். தம்பி பக்கம் திரும்பாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மிஞ்சிய மீனைப் பிடித்துவிட்டு, நீரை இறைத்து, சேற்றை வழித்து, அடிமண் வெடிக்கும்வரை காயப்போட வேண்டும் என்றாள் ரேவதி. தப்ரேஸ் கடையைப் பூட்டிவிட்டு ஆயில் இன்ஜினோடு வந்து நின்றான். சேறு காயத் தொடங்கிய நேரம் பார்த்துக் கோடைமழை கொட்டியது. மறுபடி இறைத்தார்கள். மறுபடி மழை.

“இத்தினி மழை ஏரி வறண்டப்போ எங்க போயிருந்துச்சு?” என்று வானத்தைப் பார்த்துக் கத்தினாள் ஜீனத். முழங்கால் சேற்றில் நின்று தப்ரேஸ் சிரித்தான். கையிலிருந்த சேற்றை அப்படியே அவன் மேல் வீசினாள்.

ஒருவழியாகக் குளம் காய்ந்தது. புதுக் குஞ்சுகள் விட்டாள். எருவைக் குறைத்தாள், செத்த மீனை உடனே எடுத்துத் தொலைவில் குழி தோண்டிப் புதைத்தாள். மீன் வளர்ந்து வலை இழுத்த அன்று கரையில் குந்திச் செவுள் செவுளாகத் திறந்து பார்த்தாள். பெரும்பாலும் ரத்தச் சிவப்பு. ஒன்றிரண்டில் மட்டும் வெள்ளைப் புள்ளி.

“முழுசா ஒழியாது போல, ஆபா.”

“உன்னை மாதிரிதான்,” என்று மீன் கூடையைத் தூக்கி அவன் தலையில் வைத்தாள்.